அனுப்பிக்கொண்டே வாங்குவது

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தில் இருந்து எதையாவது எழுதித் தரச் சொன்னார்கள். முப்பது வருடம் நிரல் எழுதிவிட்டுப் போன மாதம்தான் ஓய்வு பெற்றேன். ஒழுங்காக ஓடிய நிரல்களைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அவை ஓடின, நான் மறந்துவிட்டேன். நின்றுபோன ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். அது நின்றதற்குப் பாதிக் காரணம் நான். ஏன் நிற்கிறது என்பதை முதலில் கண்டவர் நான் இல்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். மதுரை கே.கே. நகரில் ஒரு வீட்டின் மாடிதான் எங்கள் அலுவலகம். எட்டுப் பேர் வேலை பார்த்தோம். மதுரையில் ஒரு மருத்துவமனை பேரையூரில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருந்தது. அங்கே வாரத்தில் இரண்டு நாள் மட்டும் டாக்டர் வருவார். மற்ற நாட்களில் செல்வராணி என்ற நர்ஸ்தான் எல்லாமே. நெஞ்சுவலி என்று யாராவது வந்தால் அவர் ஈசிஜி எடுக்க வேண்டும், அது டெலிபோன் லைன் வழியாக மதுரைக்குப் போக வேண்டும், மதுரையில் இதய டாக்டர் அதைத் திரையில் பார்த்து என்ன செய்வதென்று பதில் அனுப்ப வேண்டும். பழைய நோயாளி என்றால், ஒப்பிட்டுப் பார்க்க அவருடைய பழைய ஈசிஜிகளும் மதுரையில் இருந்து பேரையூர்த் திரைக்கு வரவேண்டும். இதற்கான நிரலை எழுதும் வேலை எங்களுக்கு வந்தது.

பேரையூர்ப் பக்கத்து நிரலை நான் எழுதினேன். மதுரைப் பக்கத்தைத் தனசேகர் எழுதினான். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, என்னைவிட ஆறு வயது இளையவன், கெட்டிக்காரன். இரண்டு கணினிகள் பேசிக்கொள்ளும் இணைப்பின் முனைக்குத்தான் சாக்கெட் என்று பெயர், அது உங்களுக்கே தெரியும். எங்கள் இரண்டு நிரல்களுக்கும் நடுவில் அப்படி ஓர் இணைப்பு. அவன் முனையை அவன் பார்த்துக்கொண்டான், என் முனையை நான் பார்த்துக்கொண்டேன். நடுவில் நாங்கள் உட்கார்ந்து பேசியது ஒரே ஒரு மத்தியானம். அதுவும் எந்தத் தகவல் எந்த வடிவத்தில் போகும் என்பது பற்றி மட்டும்தான்.

மூன்று மாதம் அருமையாக ஓடியது. அதன் பிறகு பாதியில் நிற்க ஆரம்பித்தது. முதலில் வாரத்துக்கு ஒரு தரம், பிறகு மூன்று தரம். திரையில் ஈசிஜி போய்க்கொண்டிருப்பதைக் காட்டும் நீலப் பட்டை பாதி வரை ஓடும், அப்படியே உறைந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. செல்வராணி எனக்கு போன் செய்வார். நான் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொன்னேன்.

"லைன் சரியில்லை சிஸ்டர். பேரையூர் லைன் எப்பவும் அப்படித்தான். கொஞ்ச நேரம் வெயிட் பண்ணுங்க, தானா வரும்."

சில சமயம் அவர் பொறுமையிழந்து நடுவில் நிறுத்திவிட, மதுரையில் அரைகுறைப் பதிவுகள் சேர்ந்தன. அது எங்களுக்குத் தொல்லையாக இருந்தது. அதனால் ஒரு தாளில் நானே கொட்டை எழுத்தில் எழுதி, மருத்துவமனையில் இருந்து கிளினிக்குக்குப் போகும் பையில் வைத்து அனுப்பினேன்: "நடுவில் இணைப்பைத் துண்டிக்க வேண்டாம். பத்து நிமிடம் காத்திருக்கவும்." அவர் அதைக் கணினிக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்தார்.

ஒரு நாள் அவர் சொன்னார், "மேடம், நான் ஒண்ணு பாத்தேன். புது ஆளு வந்தா நிக்க மாட்டேங்குது. பழைய ஆளு வந்தா மட்டுந்தான் நிக்குது. அப்பறம், நிக்கும்போது மோடத்துல அந்தச் செவப்பு லைட்டு அணையவே இல்ல. எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கு."

நான் சிரித்துவிட்டேன். "லைனுக்கு யாரு பழைய ஆளு, யாரு புது ஆளுன்னு தெரியுமா சிஸ்டர்?"

"தெரியாதுதான் மேடம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவர் சொன்ன இரண்டு விஷயங்களில் நோயும் இருந்தது, மருந்தும் இருந்தது. சிவப்பு விளக்கு எரிகிறது என்றால் லைன் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அதைப் படித்தவள் நான். ஆனால் என் காதில் விழுந்தது, கம்ப்யூட்டர் படிக்காத ஒருவர் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசுகிறார் என்பது மட்டும்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கூசுகிறது.

அடுத்து நடந்ததைப் பிற்பாடு செல்வராணி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

காலை பத்து மணி இருக்கும். பக்கத்து ஊரில் இருந்து கருப்பையா என்ற விவசாயியை அவர் மனைவியும் தம்பியும் டூவீலரில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். ஐம்பதைத் தாண்டிய மனிதர். ரத்தக் கொதிப்புக்காக நாலைந்து தடவை அங்கே வந்து ஈசிஜி எடுத்துக்கொண்டு போனவர். பருத்திக் காட்டில் நின்றுகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம்.

"வேர்த்துக் கொட்டுது தாயி இவருக்கு. என்னன்னு பாரு தாயி" என்று அந்த அம்மா செல்வராணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

செல்வராணி ஈசிஜி எடுத்தார். மதுரைக்கு அனுப்பினார். பட்டை பாதியில் நின்றது. எதிரே சுவரில் என் தாள். பத்து நிமிடம் காத்திருக்கவும்.

அவர் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கவில்லை. கிளினிக்குக்கு இருந்தது ஒரே ஒரு டெலிபோன் லைன். மோடத்தில் சொருகியிருந்த ஒயரைப் பிடுங்கி டெலிபோனில் சொருகினார். மருத்துவமனை எண்ணைச் சுழற்றினார். தோளுக்கும் காதுக்கும் நடுவில் ரிசீவர், ஒரு கையில் ஈசிஜி தாள். இன்னொரு கையால், நெஞ்சுவலி என்று வருகிறவர்களுக்கு வழக்கமாக நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையைப் பிரித்துவிட்டார்.

"டாக்டரம்மா, பேரையூர் செல்வராணி பேசுறேன். ஆம்பள, அம்பத்திரெண்டு வயசு, நெஞ்சுவலி, வேர்வை. ஈசிஜியில ரெண்டாம் லீடு, மூணாம் லீடு, ஏவிஎஃப், இந்த மூணுலயும் கோடு மேல தூக்கி நிக்குது, பிரஷரு தொண்ணூறுக்கு அறுபது, நாக்குக்கு அடியில மாத்திரை வைக்க..."

"வைக்காதீங்க!" டாக்டர் குறுக்கே கத்தினார். "அதை வைக்காதீங்க சிஸ்டர். பிரஷர் இன்னும் இறங்கிரும். கையில இருந்தா கீழ போடுங்க."

செல்வராணி பேச்சை நிறுத்தும் முன்பே கை நின்றுவிட்டது. மாத்திரையை மேஜையில் போட்டார். ஆஸ்பிரினைக் கடித்துச் சாப்பிட வைக்கச் சொன்னார் டாக்டர். காலை உயர்த்திப் படுக்கவைக்கச் சொன்னார். ஒரு காரைப் பிடித்து மதுரைப் பாதையில் வரச் சொன்னார். மருத்துவமனை ஆம்புலன்ஸ் எதிரே கிளம்பியது. கல்லுப்பட்டியில் கருப்பையாவைக் காரில் இருந்து ஆம்புலன்ஸுக்கு மாற்றினார்கள். இரண்டு வாரத்தில் அவர் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனார்.

அன்று மத்தியானம் டாக்டர் எங்கள் அலுவலகத்துக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னார். எங்கள் முதலாளி ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "லைன் பிரச்சினைன்னு சொல்லிரலாமா?"

"நான் நாளைக்குப் பேரையூர் போய்ப் பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்றேன். தைரியத்தில் சொன்னது இல்லை. அந்தத் தாள் கண் முன்னால் நின்றது. பத்து நிமிடம் என்று நான் எழுதியபோது அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். எங்கிருந்தும் வரவில்லை. பேனா எழுதியது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை பஸ்ஸில் போனேன். நிரல் தொடங்கி நான்கு மாதத்தில் அங்கே போவது அதுதான் முதல் தடவை. செல்வராணி என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மெலிந்த உடம்பு. ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ஒரு நோட்டை என் முன்னால் வைத்தார். நின்றுபோன ஒவ்வொரு தடவையும் அதில் இருந்தது. நோயாளி பெயர், எத்தனையாவது தடவை வருகிறார், பட்டை எதுவரைக்கும் ஓடியது. முதல் தடவை வந்தவர் ஒருவர்கூட அந்தப் பட்டியலில் இல்லை.

எங்கள் நிரலைச் சோதித்தபோது நானும் தனசேகரும் போட்ட நோயாளிகள் எல்லோருமே புதியவர்கள். குப்புசாமி ஒன்று, குப்புசாமி இரண்டு என்று நாங்களே பிறப்பித்தவர்கள். அவர்களுக்குப் பழைய ஈசிஜி ஏது?

கருப்பையாவின் எண்ணைப் போட்டு அனுப்பிப் பார்த்தேன். பாதியில் நின்றது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. லைன் மோடத்தில் இருந்ததால் எதிர்ப்புறம் எஸ்டிடி பூத்துக்கு ஓடி, மருத்துவமனை சர்வர் அறையில் உட்கார்ந்திருந்த தனசேகரைக் கூப்பிட்டேன்.

"நின்னுருச்சு. உன் பக்கம் என்ன ஓடுது, பாரு."

"பாத்துக்கிட்டுதான்க்கா இருக்கேன். என் புரோகிராம் நிக்கலையே. அனுப்பிக்கிட்டு இருக்கு."

"எதை?"

"பழைய ஈசிஜியைத்தான். அம்புட்டையும் அனுப்பி முடிச்சுட்டு நீங்க அனுப்புறதை வாங்கும்."

"என் பக்கமும் அனுப்பிக்கிட்டுதான் இருக்கு. புது ஈசிஜி முழுசும் போனப்பறந்தான் நீ அனுப்புறதை வாங்கும்."

பூத்துக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா," என்றான் தனசேகர் மெதுவாக, "அப்ப வாங்குறது யாருக்கா?"

யாரும் இல்லை. அதுதான் விஷயம். அனுப்பியதை எதிர் முனை வாங்கும் வரை வழியில் வைத்திருக்கச் சின்ன இடம்தான் உண்டு. பஃபர் என்போமே, அதுதான். பழைய பதிவுகள் கொஞ்சமாக இருந்தவரை அந்த இடத்தில் அடங்கின, எல்லாம் சரியாக ஓடியது. நோயாளிகள் திரும்பத் திரும்ப வர வர, பதிவுகள் பெருகின. இரண்டு பக்கமும் இடம் நிரம்பியது. நீ வாங்கினால்தான் நான் அனுப்பி முடிப்பேன் என்று அவன் நிரல் நின்றது. அதையே சொல்லிக்கொண்டு என் நிரலும் நின்றது. பத்து நிமிடம் இல்லை, பத்து நாள் காத்திருந்தாலும் அது நகர்ந்திருக்காது.

அவன் எழுதியதைத் தனியாகப் பார்த்தால் தப்புச் சொல்ல முடியாது. என்னுடையதையும்தான். உங்களில் யாருக்காவது இப்படி ஒரு நாள் வரும். அப்போது உங்கள் பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். எதிர் முனையில் இருப்பவரிடம், இந்த நொடியில் நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று கேளுங்கள்.

திரும்பும் முன் சுவரில் இருந்த தாளைக் கிழித்தேன். வேறொன்று எழுதி ஒட்டினேன்: "ஒரு நிமிடம் நின்றால் ஒயரைப் பிடுங்கி போன் செய்யவும்."

செல்வராணி அதைப் படித்துவிட்டு, "அதைத்தான மேடம் செஞ்சேன்" என்றார்.

"இனிமே பயந்துக்கிட்டுச் செய்ய வேண்டாம் சிஸ்டர்."

"பயந்தேன்னு யாரு சொன்னா?" என்று சிரித்தார். பிறகு, "கொஞ்சம் பயந்தேன்தான்" என்றார்.

மதுரைக்கு வந்து முதலாளியிடம் சொன்னதும் அவர் கேட்டது நியாயமான கேள்விதான். "பஃபரைப் பெருசாக்கிரலாம்லம்மா? ஒரு நாள் வேலை."

"ஆக்கலாம் சார். இப்போதைக்கு நிக்காது. இன்னும் அஞ்சாறு தடவை வந்து போன நோயாளிக்கு மறுபடி நிக்கும். ரொம்ப நாளா சிகிச்சையில இருக்கறவங்கதான் அடிக்கடி வருவாங்க. அவங்களுக்குத்தான் முதல்ல நிக்கும்."

"டாக்டர்கிட்ட நீயே சொல்றியா?"

சொன்னேன். மருத்துவமனையில் டாக்டரின் அறையில் நின்றுகொண்டே சொன்னேன். லைன் மேல் தப்பில்லை, நாங்கள் எழுதிய முறையில் தப்பு, பத்து நாள் வேண்டும், அதுவரைக்கும் ஈசிஜியைச் செல்வராணி போனிலேயே சொல்லட்டும் என்றேன்.

"இத்தனை நாள் லைன்னு சொன்னீங்களே?"

"பார்க்காமலே சொல்லிட்டேன் டாக்டர்."

அவர் கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "அடுத்த தடவை நின்னா, எனக்கு விளக்கம் சொல்றதுக்கு முன்னாடி செல்வராணியைக் கூப்பிட்டுக் கேளுங்க" என்றார். "பத்து நாள் எடுத்துக்கோங்க."

என்ன செய்ய வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. எங்கள் வீடு வில்லாபுரத்தில். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். சாப்பிட உட்கார்ந்தால் அம்மா, சித்தி, நான், தங்கை நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம். ஒருத்தி சொன்னதும் இன்னொருத்திக்குக் கேட்காமல் போனதில்லை. முறைவைத்துப் பேசுவது என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியாது. செல்வராணியும் டாக்டரும் அந்தக் காலையில் போனில் பேசியதும் அப்படித்தான். சொல்லி முடிக்கும் வரை டாக்டர் வாயைத் திறக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்திருந்தால் அந்த மாத்திரை உள்ளே போயிருக்கும்.

அதனால் இரண்டு பக்கமும் வேலையைப் பிரித்தோம். நிரலுக்குள் தனியாக ஓடும் ஓர் இழை, த்ரெட் என்போமே, அது அனுப்புவதை மட்டும் பார்க்கும். இன்னொன்று வருவதை வாங்குவதை மட்டும் பார்க்கும். ஒன்றுக்காக ஒன்று நிற்காது. சாக்கெட் முதல் நாளில் இருந்தே இதற்குத் தயாராகத்தான் இருந்தது. ஒரே இணைப்பில் போகும் வழியும் வரும் வழியும் அதற்குத் தனித்தனி. நாங்கள்தான் அதை ஒற்றைவழிப் பாலம் மாதிரி நடத்தினோம்.

எழுதி முடித்த அன்று சோதித்துப் பார்க்கையில் இன்னொரு அடி விழுந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் பக்கம் புது ஈசிஜியை அனுப்பி முடித்ததும் இணைப்பையே மூடிவிட்டேன். டாக்டரின் பதில் என்று தனசேகர் அனுப்பியது அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது. பாதியில் அறுந்துபோயிற்று. நான் பேசி முடித்துவிட்டேன் என்று சொல்வது வேறு, போனை வைப்பது வேறு. இனி அனுப்ப ஒன்றும் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, வாங்குவதற்காகத் திறந்தே வைத்திருக்க வேண்டும். தனசேகர்தான் கண்டுபிடித்தான். "அக்கா, நான் சொல்லச் சொல்ல வச்சுட்டுப் போயிட்டீங்களே" என்று அவன் கேட்டபோது சிரிப்பு வந்தது. இந்தத் தடவை சிரித்தது என்னைப் பார்த்து.

ஒன்பதாம் நாளே புதிய நிரலுடன் பேரையூர் போனேன். பதினோரு மணிக்குப் பாண்டியம்மாள் என்று ஒரு அம்மா வந்தார். அறுபது வயது. ஏழாவது தடவையாக வருகிறார். செல்வராணி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

எடுக்க எடுக்கவே ஈசிஜி போகத் தொடங்கியது, நீலப் பட்டை நகர்ந்தது. அது கால்பங்கு தாண்டும் முன்பே பழைய ஈசிஜிகள் ஒவ்வொன்றாகத் திரையின் மறுபாதியில் வந்து விழுந்தன. பட்டை பாதியைத் தொட்டது. நிற்கவில்லை. அப்போது கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. டாக்டர் அனுப்பியது. இடது கை ஒயர் சரியாக ஒட்டவில்லை, பாருங்கள் என்று. ஈசிஜி இன்னும் போய்க்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டது.

செல்வராணி குனிந்து அந்தம்மாவின் மணிக்கட்டில் இருந்த கிளிப்பை அழுத்திவிட்டார். நடுங்கிக்கொண்டிருந்த கோடு தெளிவானது.

"என்னத்தா, எதுக்கு அமுக்குற?" என்றார் பாண்டியம்மாள்.

"ஒயரு கழண்டிருக்குன்னு டாக்டரம்மா சொல்றாக. மதுரையில இருந்து பாத்துக்கிட்டே இருக்காக."

"நான் இங்கன படுத்துக் கெடக்கேன். அவுகளுக்கு அங்கன தெரியுதா?"

"தெரியுது. பேசாம படுங்க."

"தெரிஞ்சா சரி. நல்லாப் பாத்துக்கிரச் சொல்லு. மக வீட்டுக்கு வேற போகணும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

பயப்பட ஒன்றும் இல்லை, அதே மாத்திரையைத் தொடரலாம் என்று டாக்டரின் பதில் முழுசாக வந்து சேர்ந்தது. செல்வராணி அதை இரண்டு தரம் சத்தமாகப் படித்துக் காட்டினார். ஒரு தரம் அந்தம்மாவுக்காக, ஒரு தரம் எனக்காக என்று நினைக்கிறேன்.

மதுரைக்குத் திரும்பும் பஸ்ஸில் பாண்டியம்மாள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். திருமங்கலத்தில் மகள் பிள்ளைத்தாய்ச்சி, ஏழாவது மாசம், முதல் பிள்ளை. நெஞ்சுக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டு போகலாம் என்றுதான் முதலில் கிளினிக்குக்கு வந்தாராம். நான் யார், அங்கே என்ன வேலையாக வந்தேன் என்று அவர் கேட்கவில்லை. திருமங்கலம் வரும்வரை அவர் மகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பருத்திக் காட்டைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே வந்தேன்.